ஐம்பத்திரண்டாம் கட்டை

ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டத் தெரிந்தவன்
பியானோவும் பார்ப்பான் என்று
மாதா கோயிலில் யாரோ சொல்லிவிட்டார்கள்.
நான் முதலியார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
செப்புக் கம்பி சொன்னபடி கேட்கும்.
இது எஃகு.

சுஃப்ரேன் வீதி, மஞ்சள் வீடு, மாடி.
மதாம் இர்மா மூடியைத் தூக்கியதும்
கருவாட்டுக் கூடைக்கும் கற்பூரத்துக்கும் நடுவில்
ஒரு வாசம் எழுந்து வந்தது.
இத்தனை வருடம் விட்டுவிட்டு இப்போது எதற்கு என்றேன்.
தரையைக் காட்டினார்.
கீழ்வீட்டை கஃபே ஆக்கியிருக்கிறார்கள்.
காலை எட்டிலிருந்து ஒலிபெருக்கி.
"நானும் பதில் சொல்ல வேண்டாமா, மிஸ்யே?"

இருநூற்றுச் சொச்சம் கம்பிகள்.
எல்லாம் சேர்ந்து இழுப்பது பதினைந்து டன்னாம்:
ஒரு லாரி சிமெண்டைத் தாங்கிக்கொண்டு
நூறு வருடமாக
முகம் சுளிக்காமல் நிற்கிறது அந்த இரும்புச் சட்டம்.
ஒரே பக்கமாகத் தளர்த்தினால் பிளந்துவிடும்.
இங்கே கால் திருகு, அங்கே கால் திருகு,
பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பிக்கு
மாறி மாறித் தண்ணீர் கொடுப்பதுபோல.
கைபேசியில் ஒரு ஜெர்மன்காரர் விளக்கிக்கொண்டிருந்தார்.
சத்தத்தை அணைத்துவிட்டு
அவர் கைகளை மட்டும் பார்த்தேன்.

தானே புயலன்று கூரை ஒழுகியிருக்கிறது.
சுரப்பலகையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு விரிசல்.
கடலூர் ஓ.டி.யிலிருந்து தனக்கோடி வந்தான், படகுத் தச்சன்.
பஞ்சு திணித்துத் தார் பூசட்டுமா என்றான்.
மதாம் முகத்தைப் பார்த்ததும்
கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டு
தாள்போல ஒரு மரச்சீவலை இழைத்து
விரிசலுக்குள் இறக்கினான்.
மூச்சு விட்டது எனக்குக் கேட்டது,
பலகையா தனக்கோடியா தெரியாது.

ஃபெல்ட் கொல்கத்தாவிலிருந்து வந்தது.
கம்பி சென்னைச் சுங்கத்தில் ஒரு மாதம் கிடந்தது.
அதற்குள் கட்டைகளைப் பார்த்துவிடலாம் என்று
எண்பத்தைந்தையும் எண் போட்டுக் கழற்றினேன்.
ஒரு ஐந்து காசு, பல்லி முட்டை ஓடு,
ஊக்குகள், ஜெபமாலை மணி ஒன்று.
ஐம்பத்திரண்டு மட்டும் அசையவில்லை.
"அது ஊமை" என்றார் மதாம்,
"அப்பா வாங்கி வந்த நாளிலிருந்தே."

ஊமை இல்லை.
துளைக்குள் ஒட்டிய துணி
ஈரத்தில் ஊதி முளையைக் கவ்வியிருந்தது.
சுரண்டி, உப்புத்தாளால் நாலு தேய்ப்பு.
டீ ஆறுவதற்குள் முடிந்தது.

நாலு மணிக்குக் கடற்காற்று ஏறிவிட்டால்
முறுக்காணி ஒரு பேச்சு, கம்பி ஒரு பேச்சு.
கஃபேக்காரர்கள் சாப்பிடப் போகும்
ஒன்றரை மணி நேரத்தில்தான்
பதினோரு நாள் சுருதி கூட்டினேன்.

கடைசியில் ஐம்பத்திரண்டை அழுத்திக் காட்டினேன்.
"அழகாக இருக்கிறதே" என்றார்,
அடுத்த வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோல.

பிறகு உட்கார்ந்தார். மோதிரங்களைக் கழற்றினார்.
வேகமான ஏதோ ஒன்று, நடனமாக இருக்கலாம்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.
அந்த இடம் வந்தபோது மட்டும்
விரல் ஐம்பத்திரண்டைத் தொடாமல் தாண்டியது.
மறுபடி வந்தது. மறுபடி தாண்டியது.
தாழ்ந்த நிலைப்படியில் குனிந்தே வளர்ந்தவர்
உயர்த்திக் கட்டிய பிறகும்
குனிந்து நுழைவார் இல்லையா, அப்படி.
எட்டு வயதில் கற்றுக்கொண்ட பாட்டு.
அதில் அந்த ஓட்டையும் பாட்டுதான்.

கீழே ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள்.
மதாம் இன்னும் ஓங்கி அடித்தார்.

நான் ஓரமாக உட்கார்ந்து பில் எழுதினேன்.
ஐம்பத்திரண்டுக்கு நேரே பேனா நின்றது.
வேலை செய்தது நிஜம்.
போடலாம். போடாமலும் விடலாம்.
"என்ன யோசனை?" என்றார், கை நிற்காமலே.
"ஒன்றுமில்லை மதாம்,
கூட்டிக்கொண்டிருக்கிறேன்."