கல்பாசி, நூறு கிராம்

பொட்டலத்தில் எந்த மலை என்று போடவில்லை.
சூரிச் கடையில் வாங்கியது,
உள்ளே கிழிந்த சாம்பல் காகிதம்போல்.
எண்ணெயில் விழும்வரை வாய் திறக்காது.
விழுந்தால்
ஆண்டர்மட்டில் இந்த ஓட்டலின் கூடத்தில்
ஐம்பத்திரண்டு பேர் வந்திறங்கிய சுற்றுலாப் பேருந்து
ஒரே நேரத்தில் மூக்கை உயர்த்தும்.

திங்கள் எனக்கு விடுமுறை.
கணவாய்ச் சாலையில் ஏறினேன்.
ஓரத்துப் பாறையில் மஞ்சள் பச்சை
யாரோ தெளித்துவிட்டுப் போன மாதிரி.
கிட்டே போனால் தெளித்ததல்ல.
கல்லுக்குத் தோல் வந்திருக்கிறது.
நாடு நாடாக, கறுப்பு எல்லைக்கோட்டோடு.
தலைநகரம் எதிலும் இல்லை.

சமையல்காரன், மோந்து பாராமல் நகர மாட்டேன்.
கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு.
மழை வாசம்கூட இல்லை.
நாக்கில் வைத்தேன்:
துருப்பிடித்த சாவி.

"ஹாலோ!"
மேலிடுக்கிலிருந்து ஒரு பெண்,
கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் காலிப்பர்.
வெல்லம் திருடியவனாய்
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

ரெகூலா ஸ்கிராகன், சட்டைப் பட்டையில்.
இரண்டாம் பெயரை இருமுறை முயன்று விட்டுவிட்டேன்.
இங்கெல்லாம் பனியாறு கிடந்ததாம்.
பனி இறங்கிப்போன கல்லில்
முதலில் குடிவருவது இதுவாம்.
இதன் அகலத்தை அளந்தால்
பனி எந்த வருஷம் கிளம்பியது என்று தெரியுமாம்.
வளர்ச்சி, வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர்,
அதுவும் நல்ல வருஷமென்றால்.

ஒன்றில்லை, என்று இரண்டு விரல் காட்டினாள்.
ஒரு பூஞ்சை, ஒரு பாசி.
அது வீடு, இது அடுப்பு.
வாடகை யார் தருவது என்று கேட்க
என் ஜெர்மன் போதவில்லை.

பிறகு என் சுரண்டலை அளந்தாள்.
பதினொரு மில்லிமீட்டர்.
திட்டவில்லை.
நோட்டில் எண்ணை எழுதி
பக்கத்தில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
திட்டியிருக்கலாம்.
கணக்கில் நான் சுமார்தான்,
இதற்குக் காகிதம் தேவைப்படவில்லை.
இந்த ஊரில் என் ஒப்பந்தம் ஒன்பது மாதம்.

செவ்வாய், இரண்டு பேருந்து.
மூன்று முறை சோப்புப் போட்டும்
நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.
பொட்டலத்துக்குள் கைவிட்டேன்,
வழக்கமாய் ஒரு பிடி.
எந்தப் பாறை, எந்த மரம், உரித்தது யார்,
அங்கே காலிப்பரோடு யாராவது வந்தார்களா?

எண்ணெய் காய்ந்துவிட்டது, காத்திருக்காது.
போட்டேன்.
வாய் திறந்தது.