பதின்மூன்று ஏ

இந்த லிப்ட்டில் பதினாலு கிடையாது.
பதின்மூன்று, அதற்கு மேலே பதின்மூன்று ஏ.
சீனத்தில் நாலென்று சொன்னால்
சாவென்று கேட்குமாம்.
கட்டியவர்கள் பயந்து மாற்றிய பித்தானை
பயமில்லாதவர்கள் அழுத்துகிறார்கள்,
சனிக்கிழமைதோறும், என்னோடு.

வீடு காட்டுவது என் பிழைப்பு.
பாயா தெருபோங், மூன்று அறை,
மலை பார்த்த பால்கனி, கார் நிறுத்த ஓர் இடம்.
போன வருஷம் ஆயிரத்து நூறு வெள்ளி.
இப்போது எழுநூறு, அதுவும் பேசலாம்.

முதலில் எனக்குப் புரியவில்லை.
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி
ஒரு தம்பதி வந்தார்கள்.
குழாயைத் திறக்கவில்லை.
மின்விசிறியைச் சுழலவிடவில்லை.
பக்கத்து வீட்டில் யாரென்று கேட்கவில்லை.
அந்த அம்மா மட்டும், கோயிலில் பேசுவதுபோல்,
"எந்த ரூம்?" என்றார்.

காட்டினேன்.
காட்டியிருக்கக் கூடாது.

பிறகு இரண்டு கல்லூரிப் பெண்கள்,
ஆளுக்கொரு காதில் ஒரே கதை.
அதில் ஒரு குரல் மழைச் சத்தத்தோடு தொடங்குகிறது.
அன்றைக்கு மழையில்லை.
எனக்குத் தெரியும், கொடியில் சட்டை காய்ந்தது.
சொன்னேன். முகம் வாடிவிட்டது பிள்ளைகளுக்கு.
"தூறலாவது?" என்றாள் ஒருத்தி.
சரி, தூறல் என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
பேப்பரில் ஏழு குத்து, வாட்ஸ்அப்பில் பதினேழு,
நான் நடுவில் பதினொன்றென்று வைத்துக்கொண்டேன்.
சுவரில் நின்றுபோன கடிகாரம் ஒன்றை
ஒரு நாள் சும்மா சேர்த்தேன்.
அடுத்த வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற கிராணி,
"கடிகாரம் எங்கே?" என்று சுவரைத் தடவினார்.
போலீஸ் எடுத்துப்போய்விட்டது என்றேன்.
ஆணி அடித்த ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்தார்,
பாவம், அது நாள்காட்டி மாட்டியது.

அவனைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள்.
எப்படிச் சிரிப்பான், என்ன கார்,
ஈப்போவில் பிடித்தபோது உண்மையாகவே
ரொட்டி சானாயைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தானா.
வாங்கோலை வழக்கு நடத்தும் டிபிபி போல
அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன்.

திலகேஸ்வரி.
பாயான் லெப்பாஸ் பேக்டரி, இரவு ஷிப்ட்.
வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை;
ரசீது கேட்டு வாங்கிக்கொள்வாள்.
இதை யாரிடமும் சொன்னதில்லை. இதில் கதையில்லை.

போலீஸ் நாடாவைக் கழற்றியபின்
நான்தான் உள்ளே போனேன், சாவியோடு முதல் ஆளாய்.
அடுக்களை மேடையில்
அரைத்து வைத்த தோசைமாவு
புளித்து, பொங்கி, சட்டி வழிந்து
அப்படியே காய்ந்திருந்தது.
கத்தியால் சுரண்டினேன். வெகுநேரம்.

நேற்று ஒருத்தி வந்தாள்.
மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறாராம், இரண்டு பிள்ளைகள்.
குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் வேகத்தை விரலால் பார்த்தாள்.
நான் தொண்டையைச் செருமி
"இந்த வீட்டில், ஒன்று சொல்லணும்..." என்றேன்.
"தெரியும். வேணாங்க.
அறுநூற்றைம்பதுக்கு வருமா?"

பாதியில் நிறுத்தப்பட்டவன்போல் நின்றேன்.
தூறல் வரைக்கும்கூட வரவில்லை நான்.
எனக்குக் கோபம் வந்தது, வெட்கமில்லாமல்.

மேடையோரம் ஒரு வெள்ளைத் திட்டை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"இது என்ன?"
"மாவு" என்றேன்.
"ஊறவச்சா போயிரும்."

கீழே வந்தேன். நேப்பாளத்து ஜாகா
நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டான்;
சனிக்கிழமைகளில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.
வீடு போய்விட்டது என்றேன்.
"சுடா ஹாபிஸ், போஸ்?"

முடிந்துவிட்டதா என்று கேட்கிறான்.
நாற்காலியைப் பார்த்தேன்.
உட்கார்ந்தேன்.