தூணுக்கு ஒரு சவாரி

ஆடி பிறந்து நாலாம் நாள்.
நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கியவள்
என் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி
"தூண்?" என்றாள்.

முட்டம் லைட்ஹவுஸுக்கு ஏற்றியிருக்கிறேன்,
திற்பரப்பில் குளிக்க,
பத்மநாபபுரத்து மூலிகைக் கட்டிலைப் பார்க்க.
குளச்சலுக்கென்று வருகிறவர்கள்
மீனுக்கு வருவார்கள், இல்லையென்றால் கலியாணத்துக்கு.
தூணுக்கென்று ஒருத்தி
இதுதான் முதல்.

எந்த ஊர் என்றேன்.
ரோட்டர்டாம்.
சிரிப்பை அடக்கி கியரைப் போட்டேன்.
தோற்ற இடத்தைப் பார்க்க
முந்நூறு ரூபாய் பேசி வருகிறாள்.

கம்பி வேலிக்குள் ஒற்றைக் கல்.
வேலியில் யாரோ பனியன் காயப்போட்டிருந்தார்கள்.
எழுத்தை விரலால் தொட்டு
எப்படித் தோற்றோம் என்று கேட்டாள்.

எனக்கு வரலாறு வராது.
பத்தாம் வகுப்பில் அதில்தான் கோட்டை விட்டேன்;
உங்கள் ஆட்களும் அப்படித்தான் என்றேன்.
அது அவளுக்குப் புரியவில்லை.
கரையில் சொல்வதைச் சொன்னேன்:

மிளகுக்கு வந்த கப்பல்கள்
அதோ அங்கே நங்கூரம் போட்டு நின்றன.
ராஜாவிடம் துப்பாக்கி குறைவு.
கரையில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம்
துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசை கட்டினார்கள்.
தூரக்கண்ணாடியில் பார்த்தவனுக்கு
அத்தனையும் துப்பாக்கி.

"உண்மையா?"
கல்லில் இல்லை என்றேன்.

பிடிபட்ட கேப்டன் ஊர் திரும்பவில்லை.
ஜெயித்த ராஜாவுக்கே பட்டாளம் பழக்கி
உதயகிரிக் கோட்டைக்குள் படுத்திருக்கிறார்,
பக்கத்தில் மான்கள்.
அங்கே போக ரேட் தனி.

கடற்கரைக்கு வந்தோம். கடல் கடுத்துக் கிடந்தது.
அலை தாண்ட முடியாமல் வள்ளத்தை ஏற்றிவிட்டு
ததேயுசும் அவன் மச்சினனும்
கம்பில் கட்டிய எஞ்சினைத் தோளில் சுமந்து
மணலில் ஏறி வந்தார்கள்.
கேமராவுக்குள் பார்த்தவள்
"பீரங்கி" என்றாள்.

"யாருல அது?"
"டச்சுக்காரி."
"மொளகும் இல்ல, இன்னைக்குச்
சாளையும் இல்லன்னு சொல்லு."

அதை மட்டும் சொல்லத் தெரியவில்லை எனக்கு,
அவளே சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது வாய்க்கால் பாலம்.
எதைப் பார்த்தாலும் நிறுத்தச் சொல்லிப் பழகியவள்
தோளைத் தட்டி
இது என்ன என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து
இந்தப் பாலத்தில் நான்
பிரேக்கில் கால் வைத்ததில்லை.

"தண்ணி" என்றேன்.