மார்ச் மாதத்துப் படம்

கலண்டருக்கு வேண்டுமாம்.
"பச்சை தூக்கலா, முகமெல்லாம் பளிச்சென்று"
என்றார் கம்பனியிலிருந்து பேசியவர்.

ஹட்டனில் மழை. கரண்ட் இல்லை.
லெப்டொப்பில் இன்னும் நாற்பது வீதம்.

மொத்தமாக வெளிச்சம் ஏற்றினால்
முதலில் தொலைவது பனிமூட்டம்.
அதனால் இடம் இடமாகத்தான்,
மெத்தென்ற விளிம்பு, ஐந்தே வீத அழுத்தம்:
மலைச்சரிவின் மடிப்புகளில் பேர்ன்,
கமலவேணியின் கன்னத்து மேட்டில் டொட்ஜ்.
கூடைக்கயிறு நெற்றியில் போட்ட நிழலை
ஒருதரம் வெளுத்துப் பார்த்தேன்.
வேறு யாரோ போல இருந்தாள்.
திருப்பி வைத்துவிட்டேன்.

வலது மூலையில் தராசு தொங்குகிறது.
வட்டக் கண்ணாடியில் வானம் விழுந்து
கிட்டத்தட்ட வெள்ளை.
அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
சும்மாதான் கறுத்தேன்,
ஐந்து, ஐந்து, இன்னுமோர் ஐந்து.
எண்கள் எழுந்தன. பிறகு முள்.
பதினெட்டு.

பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் கொப்பி,
அவருடைய கை நிழலுக்குள்.
அதை வெளுத்தேன்.
நீல மையில் பதினாறு.

பதினெட்டுக்குப் பேர்.
பதினாறுக்கு அரைப்பேர்.
கமலவேணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்,
கொப்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நெடுநேரம் தூரிகை அசையவில்லை.
ஒரு இழுப்பில் மறைத்துவிடலாம்,
இரண்டையும்.

பதினொரு வீதத்தில் அனுப்பினேன்.
முகங்கள் பளிச். பச்சை தூக்கல்.
"சுப்பர்" என்று பதில் வந்தது,
கட்டைவிரலும் ஒன்று.

யாரும் கேட்டால் சொல்லலாம்:
அங்கே இருந்ததுதான் சேர் எல்லாம்.

துரையின் மேசைக்கு நேர் மேலே
ஆணியில் தொங்கும்
முப்பத்தொரு நாள்.