குறி போடுகிறவள்

தென்கடலில் கச்சான் எழும்பிவிட்டால்
நண்டு வலையில் நண்டைவிட முள்ளெலிதான் ஏறும்.
மற்றவர்கள் கரையில் உதறிவிட்டுப் போவதை
இன்னாசி மட்டும் வாளியில் போட்டு
மண்டபம் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்.
உருப்படிக்கு இருபது ரூபாய்.

ஊசி போட்டால் முட்டை சொரியும்.
ஆண் என்றால் பால்போல் ஒரு கசிவு.
கலந்த கிண்ணத்தில்
ஒன்று இரண்டாகி நாலாகி எட்டாகி
விடிவதற்குள் ஒரு பந்து, தானாகச் சுழலும்.
பிறகு பந்தின் அடியில் ஒரு குழி விழ வேண்டும்.
குடல் அங்கேதான் தொடங்குகிறது.
முதல் ஓட்டை வாய் அல்ல, ஆசனவாய்,
மனிதருக்கும் அப்படித்தான் என்றேன்.
இன்னாசி சிரித்ததில்
மேசையில் கண்ணாடிச் சில்லுகள் அதிர்ந்தன.

"குழி விழுன்னு யாரு சொல்றது?"

பாம்பன் ஏலக்கூடத்தில் பாக்கியசீலி இருக்கிறாளே,
மீனைத் தொடமாட்டாள், விலை பேசமாட்டாள்,
சாக்பீஸால் கூடையில் ஒரு கோடு.
கோடு விழுந்தது ஐஸ் லாரிக்கு,
விழாதது கருவாட்டுக்கு.
அப்படி ஒரு நொதி.
புரதத்தின் முதுகில்
ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அவ்வளவுதான்.
ஒட்டப்பட்டது எழுந்து நடக்கும்.
பின்னாலேயே ஈரத்துணியோடு இன்னொரு நொதி
அழித்துக்கொண்டே வரும்.

"அழிக்கிறவ வராட்டி?
இல்ல, இவ கை நிக்காட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள்
சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.
மதுரையில் கொடுத்தது.
ரத்தத்தில் வெள்ளையணு பெருகியதற்கு
மூன்று வருடமாகத் தினம் ஒன்று, சோற்றுக்குப் பின்.
அட்டையில் இருந்த பெயரும்
என் குளிர்பெட்டிக் குப்பியில் இருந்த பெயரும்
ஒன்று.

மறைக்கத் தோன்றவில்லை.
இரண்டாவது கிண்ணத்தை லென்ஸுக்கடியில் வைத்தேன்.
அதே இரவு, அதே தாய்,
கூட அந்த மருந்தில் ஒரு துளி.
பந்துகள் பந்துகளாகவே கிடந்தன.
சில இன்னும் சுழன்றன.
குழி இல்லை.

வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.
"இதுகளுக்கு வேணும். எனக்கு வேணாம்.
ஆனா ஒரே சாமான்."

ஒரே சாமான் அல்ல, என்று தொடங்கினேன்.
உங்களுடையது உடைந்து
வேறொன்றோடு ஒட்டிக்கொண்டது,
அணைக்கும் விசை கழன்றுபோனது என்று
வகுப்பெடுப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனேன்.
அவர் கேட்கவில்லை.
"ஆத்தா வயித்துல எனக்கும்
குழி போட்டது இவதானே?"

ஆமாம்.
அல்லது அவளுடைய அக்கா தங்கச்சி யாராவது.

முதல் கிண்ணத்தில் இருந்தவற்றுக்குக் கை முளைத்திருந்தது.
விதிப்படி பிளீச்சிங் ஊற்ற வேண்டும்.
"குடு" என்றார். கொடுத்தேன்.
படகுத்துறையில் குத்தவைத்து,
சோற்றுப்பானையிலிருந்து கஞ்சி வடிப்பதுபோல்
மெல்லச் சாய்த்து ஊற்றினார்.
எது தண்ணீர், எது அவை என்று
எனக்கே தெரியவில்லை.

பிறகு என் பாட்டிலைக் கேட்டு வாங்கி
அன்றைய மாத்திரையை விழுங்கினார்.
ஒன்பது உருப்படிக்குப் பணம் பாக்கி என்று
போகும்போது ஞாபகப்படுத்தினார்.