இறக்கம் இரண்டு

பூமிநாதன் ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் வந்தார்.
ஹெல்மெட்டுக்குள் அளவு டேப், சட்டைப்பையில் இரண்டு பேனா.
செருப்பைக் கழற்றட்டுமா என்றார்.
வேண்டாம், காலி பண்ணுகிற வீடுதானே என்றேன்.

கட்டில் ஆறுக்கு ஐந்து.
பீரோ, கண்ணாடி வைத்தது.
ஃபிரிட்ஜைச் சாய்த்து அடியைப் பார்த்தார்.
மண்டபத்து உப்பு தின்றது போக மிச்சம் இருந்தது.
"ஏற்கெனவே துரு" என்று எழுதி
என்னிடம் கையெழுத்து வாங்கினார்,
நாளைக்குப் பழி அவர் மேல் விழக்கூடாதாம்.
பதினோரு வருசத்துக்கு முன்னால்
இப்படி ஒரு தாளை எங்களிடம் யாரும் நீட்டவில்லை.
நீட்டியிருந்தாலும் படிக்காமல் போட்டிருப்பேன்.

வீடு முழுக்க முந்நூற்று நாற்பது கன அடி.
அதில் காற்று எவ்வளவு என்று கேட்டேன்.
"காத்துக்கும் சேத்துத்தான் மேடம்,
லாரியில எடத்த அடைக்குதுல்ல."

பிறகு தெருவை அளந்தார்.
பதினாலடி வண்டி இந்த மணலில் இறங்காது.
ஐஸ் கம்பெனி பக்கம் ரோட்டிலேயே நிற்கும்.
அதுவரைக்கும் குட்டியானை, நாலு நடை.
அதுவும் புதைந்தால் தலைச்சுமை, ஆளுக்குத் தனி.
மணலுக்கு ஒரு ரேட் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
இத்தனை நாள் சும்மா கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

கட்டிலைக் கழற்ற ஐந்நூறு,
போன இடத்தில் மாட்ட ஐந்நூறு.
செடிக்குப் பொறுப்பில்லை. சிலிண்டர் ஏற்றமாட்டார்கள்.
இன்சூரன்ஸ் மூன்று சதவீதம்,
நாங்கள் சொல்லும் மதிப்பில்.
"எவ்வளவுன்னு போடட்டும்?"
சவேரி வாசலில் உட்கார்ந்து
போனில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.
"அம்பதாயிரம்" என்றார், தலை தூக்காமல்.
நான் எண்பது நினைத்திருந்தேன்.

"டெலிவரி மதுரைதானே?"
மதுரை, ஒத்தக்கடை. மாற்றல் ஆர்டரில் இருக்கிறது.
"கொஞ்சம் சாமான் தங்கச்சிமடம் போகணும்" என்றேன்,
"இவுக அண்ணன் வீட்டுக்கு."

பேனா ஒரு நொடி நின்றது.
எத்தனை வீடு பார்த்தவரோ, ஏன் என்று கேட்கவில்லை.
பாலம் தாண்டிப் போய்த் திரும்பணும், டீசல், வெயிட்டிங்
என்று முணுமுணுத்தபடி எழுதினார்:
இரக்கம் - 2, கூடுதல் 4,500.
சின்ன ர.
தபாலாபீஸில் பிழையான விலாசங்களோடு
பிழைப்பு நடத்துகிறவள் நான், கை துறுதுறுத்தது.
விட்டுவிட்டேன்.
அந்த விலைக்கு இரண்டு இரக்கம் மலிவுதான்.

"எது எங்கன்னு டிக் அடிச்சுருங்க மேடம்."
ம ஒரு கட்டம், த ஒரு கட்டம்.
பங்குச்சாமியார் ஆறு மாதம் சுற்றிவளைத்ததை
ஒரு கார்பன் தாள் நேராகக் கேட்டது.
கிரைண்டர் ம.
ஐஸ் பெட்டி த.
ஃபேன் ஒன்று ம, ஒன்று த.
மாதா படத்துக்கு இருவரும் வாய் திறக்கவில்லை.
அது கன அடியில் வராது என்று
பூமிநாதனே தாண்டிப் போனார்.
கட்டில் வந்தபோது
"அவளுக்கே போடுங்க, எனக்குத் தரைதான் பழக்கம்" என்றார் சவேரி.
பொய். எல்லாக் குளிருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இருபத்தெட்டாயிரத்து அறுநூறு, வரி தனி.
பேரத்துக்கு மட்டும் எனக்குக் குரல் வந்தது.
இருபத்தைந்து என்றேன். டீசல் என்றார்.
பழைய அட்டைப்பெட்டி என்னிடமே இருக்கிறது என்றேன்.
அதில் மீன் படம் போட்டிருக்கிறதே என்றார்.

சவேரி எழுந்து வந்தார்.
"ஏஞ் சாமான அடிச்சிருங்க.
லார்தூஸ் மீன் வண்டி காரைக்குடியில எறக்கிட்டு
வெறும் வண்டியாத்தான் பாம்பன் வருது.
வழியில ஏத்திக்கிருவான். காசு வாங்கமாட்டான்."

பூமிநாதன் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.
இருபத்துநாலாயிரத்து நூறு.
நூறை அவராகவே விட்டுக்கொடுத்தார்.
ஐயாயிரம் முன்பணம் போனில் போனது.

பைக் சத்தம் தேயும்வரை நின்றோம்.
நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம்,
இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடித்தது.
"துணியெல்லாம் மீன் வாடை ஏறுமே" என்றேன்.
"ஏறட்டும்.
நாளைக்குக் காத்து சரியில்ல,
புதன்கெழம வச்சுக்குவோம்."