காற்றைக் கொஞ்சம் இறக்கு

தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில்
"காற்றைக் கொஞ்சம் இறக்கு" என்றாள் வெல்கா.
"இறுகின டயர் எல்லாக் கல்லோடும் சண்டைக்குப் போகும்."
வால்வை அழுத்தினேன்.
பாவிலோஸ்தாவில் அடைத்த காலைக் காற்று
உஸ்ஸென்று பாவிலோஸ்தாவுக்கே திரும்பிப் போனது.

அவுஸ்ட்ரிஸ் முன்னால். எப்போதும் முன்னால்.
ரீகாவில் பல் மருத்துவன். ஞாயிறுகளில்
யார் வாயையும் பார்க்காமல் இருப்பதற்காகவே மிதிப்பவன்.
அவன் கிளப்பிய புழுதி எங்கள் பல்லில் நறநறத்தது.

மூன்று வாரமாய் மழையில்லை.
குர்செமே ரோடு வரிவரியாய் மடிந்து கிடந்தது;
முறத்தில் புடைபடும் அரிசியானோம்.
மணிக்கட்டு, தோள், கழுத்து,
எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று
உடம்பு ஒவ்வொன்றாய்த் தட்டிச் சொன்னது.
பதர் எல்லாம் பறந்தது.
வங்கியில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில்
உட்கார்ந்திருப்பவனின் முகம் மட்டும்
எத்தனை புடைத்தும் போகாத கல்லாய்
உள்ளே உருண்டுகொண்டே வந்தது.

மின்கம்பத்து உச்சியில் ஒரு செங்கால் நாரை
அலகைத் தட்டிக் கடகடத்தது.
எண்ணெய் காணாத என் செயினுக்குப் பதிலாக இருக்கும்.

பைன் காடு மணலாகி,
மாவில் விழுந்த ஈயாய்ச் சக்கரம் திணறி,
இறங்கித் தள்ளி, ஏறி,
மறுபடி தள்ளி,
ஒரு திருப்பத்துக்குப் பிறகு
ரோடு இல்லை.

பள்ளம் இல்லை, தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை.
ரோடே இல்லை.
களிமண் விளிம்பு. ஆகாயத்தைப் பிடித்துத் தொங்கும் வேர்கள்.
முப்பது அடி கீழே
தன் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது சாம்பல் கடல்.
கைப்பிடித் திரையில் ஊதாக் கோடு
எதுவும் நடக்காதது போல் தண்ணீர்மேல் போயிற்று:
நேராகச் செல்லவும், இரண்டு கிலோமீட்டர்.

அவுஸ்ட்ரிஸின் பிரேக் தடம்
விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது.
அந்த முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
சொத்தைப் பல்லில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பவன் போல.

"ஜனவரிப் புயல்" என்றது ஒரு குரல்.
உருளைக்கிழங்கு வயலின் கம்பிவேலிக்கு அப்பால்
ரப்பர் பூட்ஸில் ஒருத்தி.
"இந்தக் கோடையில் உங்களோடு பதினான்கு பேர்."
பெயர் ஜிட்ரா. படலைத் திறந்துவிட்டாள்.
ஒரே நிபந்தனை: வாத்துகளிடம் மணியடிக்கக் கூடாது.

வரப்பில் சைக்கிளைத் தள்ளிப் போகையில் சொன்னாள்:
"நான் ஸ்கூல் போன நாளில் இது எல்லை.
கடலைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும்.
சாயங்காலமானால் சிப்பாய்கள் மணலைப் பரம்படிப்பார்கள்.
விடிந்ததும் குனிந்து பார்ப்பார்கள்,
யார் கால், வந்த காலா போன காலா என்று.
ஒரு தடவை எங்கள் நாய்..."
ஒரு வாத்து வேலிக்குள் தலையை மாட்டிக்கொண்டது.
ஓடிவிட்டாள்.
நாயின் கதை அந்த வரப்பிலேயே நிற்கிறது.

மறுபடி சரளை.
எதிரே மஞ்சள் கிரேடர், இரும்புப் பலகையால் ரோட்டை வழித்தபடி.
ஓட்டுநர் இரண்டு விரல் தூக்கினார். ஒதுங்கினோம்.
எங்களைத் தாண்டிப் போய்
வரிகளை அழித்தது, குழிகளை அழித்தது,
எங்கள் டயர்த் தடங்களை,
சற்றுமுன் வெல்கா சறுக்கி விழுந்த இடத்தை.

அவள் முழங்கை ரத்தத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.
"அப்போ நான் விழவே இல்லை."

அவுஸ்ட்ரிஸ் சைக்கிளைத் திருப்பினான்.
வழித்த ஈரம் காயாத சரளையில்,
வந்ததா போனதா என்று எவரும் சொல்ல முடியாதபடி
மெதுவாய் ஒரு வட்டம் போட்டான்.
இன்னொன்று.

புகைபோட்ட மீன் கடை நாலு மணிக்கு மூடிவிடும் என்றேன்.
வெல்காவும் திருப்பினாள்.